வெளிநாட்டுக் கப்பல் வேலை: கொம்பனிக்காரர் ஆளை எதை வைச்சு எடுக்கினம்? எங்கட பெடியளுக்கு இடம் இருக்கோ?

நாயாற்றுக்கரை (அளம்பில்)

எல்லாருக்கும் வணக்கம். அக்காவின்ர மகனுக்காகக் கேக்கிறன். பெடியன் உயர்தரம் கணிதப் பிரிவில எழுதி மூண்டு பாடமும் பாஸ். கம்பசுக்கு வெட்டுப்புள்ளி காணாமல் போச்சு. சின்னனில இருந்து என்னோட படகில வந்து வலை இழுத்தவன், கடல் அவனுக்குப் புதுசில்லை. இப்ப கப்பலுக்குத்தான் போவன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறான்.

கொழும்பில இருந்து ஒருத்தர் முல்லைத்தீவுக்கு வந்து கூட்டம் வைச்சவர். மூண்டு கிழமைப் பயிற்சி, ஆறு மாசத்துக்குள்ள கப்பல், மாசம் ஆயிரம் டொலர். பயிற்சிக்கும் "ஏற்பாட்டுக்கும்" சேர்த்து ஒன்பது லட்சம் கட்டவேணும். அக்கா தாலிக்கொடியை அடைவு வைக்கிறன் எண்டு வெளிக்கிட்டுட்டா. நான்தான் ரெண்டு கிழமை பொறுக்கச் சொல்லியிருக்கிறன்.

2006 கடைசியில ஃபாரா 3 எண்ட ஜோர்தான் கப்பல் அரிசியோட வந்து எங்கட கரையில தட்டி நிண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கட சனம் ஒரு பெரிய கப்பலைக் கிட்டத்தில பாத்தது அதைத்தான். அதுக்குள்ள ஆர் வேலை செய்யினம், அவையை ஆர் தெரிவு செய்யினம் எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது. பிலிப்பீன்ஸ்காரரும் இந்தியாக்காரரும் லட்சக்கணக்கில நிக்கேக்கை அளம்பில் பெடியனை ஒரு கொம்பனி ஏன் எடுக்கவேணும்? உள்ளுக்குள்ள இருந்தாக்கள் உண்மையைச் சொல்லுங்கோ.

கனகராயன்குளத்தான்

அண்ணை, இதில பெரிய ரகசியம் ஒண்டும் இல்லை. ஆர் குறைஞ்ச சம்பளத்துக்கு வாறானோ அவனை எடுப்பினம். 2022 மார்ச் 17ஆம் திகதி பிரிட்டனில பி அன்ட் ஓ பெரீஸ் கொம்பனி கிட்டத்தட்ட 800 மாலுமிகளை ஒரே நாளில, முன்கூட்டியே பதிஞ்சு வைச்ச ஒரு வீடியோவில சொல்லி நிப்பாட்டினது. அண்டைக்கே ஏஜென்சி ஆக்களைக் கொண்டுவந்து ஏத்தினவை. பாராளுமன்றக் குழு கேட்டபோது புது ஆக்களுக்குச் சராசரியா மணிக்கு 5.50 பவுண் எண்டு கொம்பனித் தலைவரே சொன்னவர். அது அந்த நாட்டின்ர குறைஞ்சபட்சக் கூலியை விடக் குறைவு. தாங்கள் சட்டத்தை மீறினது தெரிஞ்சுதான் செய்தம் எண்டும் ஒத்துக்கொண்டவர். சொந்த நாட்டுக்காரனுக்கே உந்தக் கதி. எங்கட பெடியனை எடுத்தால் அது மலிவு எண்டதுக்காகத்தான் எடுப்பினம்.

மூண்டாம்_எஞ்சினியர் (புதுக்குடியிருப்பு)

நாயாற்றுக்கரை அண்ணை, நான் மொத்தச் சரக்கு ஏத்துற பாரக் கப்பல் ஒண்டில மூண்டாம் எஞ்சினியர். இதை எழுதேக்கை சிங்கப்பூருக்கு வெளியால நங்கூரத்தில நிக்கிறம், அதாலதான் சிக்னல் கிடைச்சது. கனகராயன்குளத்தான் சொன்னது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி வந்து அவதிப்பட்ட பெடியளை நான் கண்டிருக்கிறன், அதால நீட்டாகவே எழுதுறன்.

முதலில கொடியைப் பாருங்கோ. கப்பல் எந்த நாட்டில பதிஞ்சிருக்கோ அந்த நாட்டுச் சட்டம்தான் அதுக்குள்ள. அமெரிக்காவில ஒரு துறைமுகத்தில ஏத்தி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில இறக்கிற சாமானை அமெரிக்காவில கட்டின கப்பல்தான், அமெரிக்க ஆக்களோடதான் கொண்டு போகலாம். 1920இல வந்த ஜோன்ஸ் சட்டம். அங்க எங்களுக்குக் கதவே இல்லை. ஆனால் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் எண்டு மூண்டு கொடி இருக்கு. கப்பலின்ர கொள்ளளவைக் கணக்குப் பாத்தால் உலகத்தில முன்னுக்கு நிக்கிறது உந்த மூண்டு கொடியும்தான். உவை மாலுமி எந்த நாடு எண்டு கேக்கிறேல்லை, சான்றிதழ் சரியோ எண்டு மட்டும் பாப்பினம். 2020 செப்டெம்பரில சங்கமன்கண்டிக்கு வெளியால நெருப்புப் பிடிச்ச நியூ டயமண்டை யோசிச்சுப் பாருங்கோ. பனாமாக் கொடி. உள்ளுக்கு இருந்த 23 பேரில 18 பேர் பிலிப்பீன்ஸ், 5 பேர் கிரேக்கர். ஒரு பனாமாக்காரனும் இல்லை. அப்ப அந்தக் கப்பலில ஆர் உள்ளூர், ஆர் வெளியூர்?

ரெண்டாவது, சம்பளம் எண்டு நாங்கள் பாக்கிறது ஒரு ஆளின்ர மாசச் சம்பளத்தை. கொம்பனி பாக்கிறது ஒரு இடத்தை வருசம் முழுக்க நிரப்ப எவ்வளவு போகுது எண்டு. ஐரோப்பியன் மூண்டு மாசம் கப்பல், மூண்டு மாசம் வீடு எண்டு கேப்பான். அப்ப ஒரு இடத்துக்கு ரெண்டு ஆள், வருசத்தில எத்தினை விமான டிக்கெற். பிலிப்பீன்ஸ் ரேட்டிங் (அதிகாரி இல்லாத சாதாரண மாலுமி) ஒன்பது மாசக் கொன்றாக்டில வருவான். கணக்கு அங்கதான் வித்தியாசப்படுது. அதுக்காக அடிமாட்டு விலைக்கும் எடுக்க ஏலாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு அடித்தளம் போட்டு வைச்சிருக்கு. ஏபி எண்டு சொல்லுற தேர்ந்த மாலுமிக்கு 2025இல அடிப்படை 673 டொலர், 2026இல 690. ஓவர்டைமும் லீவுக் காசும் சேர ஆயிரத்தைத் தாண்டும். கவனியுங்கோ, அது ஏபிக்கு. புதுசா ஏறுற பெடியனுக்கு ஆயிரம் டொலர் எண்டு ஒருத்தர் கூட்டம் வைச்சுச் சொன்னால் அங்கயே சந்தேகப்படவேணும்.

மூண்டாவதுதான் உங்கட மருமகனுக்கு முக்கியம். சர்வதேசக் கப்பல் சங்கங்கள் 2021இல வெளியிட்ட அறிக்கையில, உலகத்தில 18 லட்சத்து 90 ஆயிரம் மாலுமிகள், சான்றிதழ் உள்ள அதிகாரிகள் மட்டும் 26,240 பேர் குறைவு எண்டு இருந்தது. 2026க்குள்ள இன்னும் 89,510 அதிகாரிகள் தேவைப்படும் எண்டும் கணக்குக் காட்டினவை. தட்டுப்பாடு அதிகாரி பக்கம். மூண்டு கிழமைப் பயிற்சியோட ஏறுற ரேட்டிங் பக்கம் வரிசை வரிசையா ஆள் நிக்குது. கணிதத்தில மூண்டு பாடம் பாஸ் பண்ணின பெடியனை ஏன் அந்த வரிசையின்ர கடைசியில கொண்டுபோய் நிப்பாட்டுறியள்? அவன் கடெற்றா, எண்டால் அதிகாரி வேலை பழகிறவனாப் போகவேண்டியவன்.

நெறியாளர்

முந்திய பதிவு ஒன்றில் ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒன்றின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. நீக்கியிருக்கிறேன். அனுபவத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

பாலியாறு (விடத்தல்தீவு)

நான் கொழும்பில் கப்பலுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றில் பல வருடங்கள் வேலை செய்து ஓய்வுபெற்றவன். தம்பி மூன்றாம் எஞ்சினியர் எழுதியது எல்லாம் சரி. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கண்டதை மட்டும் சேர்க்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அலுவலகத்தைப் பூட்டப் போகும் நேரம். கப்பல் மேலாண்மைக் கொம்பனியிலிருந்து மின்னஞ்சல். ஓயிலர் (எஞ்சின் அறை மாலுமி) ஒருவருக்குக் கை முறிந்துவிட்டது, ஞாயிறு இரவுக்குள் துறைமுகத்துக்கு ஆள் வேண்டும், கப்பல் அடுத்து அமெரிக்கா போகிறது. என்னிடம் இருந்த பட்டியலில் ஓயிலர்கள் பதினொரு பேர். அதில் அமெரிக்க மாலுமி விசா கையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரில் ஒருவருடைய மருத்துவச் சான்றிதழ் அடுத்த மாதம் முடிகிறது, கழித்தேன். ஒருவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மிஞ்சிய இருவரில் ஒருவர் முன்பு இதே கொம்பனியில் இரண்டு கொன்றாக்ட் முடித்தவர், அந்தக் கப்டன் அவரைப்பற்றி நல்ல அறிக்கை எழுதியிருந்தார். அவருக்கு டிக்கெற் போட்டேன். மொத்தம் ஒன்றரை மணித்தியாலம். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் சம்பளம் என்ற சொல்லையே ஒருவரும் உச்சரிக்கவில்லை. அது முன்பே எழுதி முடிந்த விடயம்.

நான் ஆள் கொடுக்காவிட்டால் மணிலாவில் இருக்கும் அலுவலகம் கொடுக்கும். அவர்களிடம் பதினொரு பேர் இல்லை, நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். பிலிப்பீன்ஸ்காரரின் பலம் அதுதான்: எப்போது கேட்டாலும் எல்லாத் தாளும் சரியாக உள்ள ஒருவர் தயாராக நிற்பார். விசா இல்லாத மாலுமி அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்க முடியாது. சில வேளை காவலாள் போட்டு அந்தச் செலவையும் கப்பல்காரர் கொடுக்க வேண்டும். முன்பு ஒரு நாட்டவர் சிலர் துறைமுகத்தில் இறங்கி ஓடியிருந்தால் அந்த நாட்டவர் எல்லோர் மேலும் அந்தக் கறை ஒட்டும். எங்கள் பையன்கள் சிலரை நான் பரிந்துரைத்தபோது "இவர் திரும்பி வருவாரா?" என்று கேட்ட கொம்பனிகள் உண்டு. போருக்குப் பின் வந்த முதல் சில வருடங்களில் அது அடிக்கடி கேட்ட கேள்வி. யார் மேலும் எனக்குக் கோபம் வராத ஆள் நான், அந்தக் கேள்விக்கு மட்டும் கோபம் வரும்.

இன்னொன்று. எண்ணெய்க் கப்பல்களில் சரக்கை ஏற்றும் பெரிய எண்ணெய்க் கொம்பனிகள் அதிகாரிகளின் கணக்கையே கேட்கும்: இந்தப் பதவியில் எத்தனை வருடம், இந்தக் கொம்பனியில் எத்தனை வருடம், இந்த வகைக் கப்பலில் எத்தனை வருடம் என்று. கணக்குக் குறைந்தால் சரக்கே கிடைக்காது. ஆகவே பழைய ஆளை விட்டுப் புது நாட்டிலிருந்து ஆள் எடுக்கக் கொம்பனி எளிதில் துணியாது. ஒரு நாட்டிலிருந்து எடுக்கத் தொடங்கினால் அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போகும். 2024 மார்ச்சில் பால்ரிமோர் பாலத்தில் மோதிய டாலி கப்பலில் 21 பேர். 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். அந்த விகிதத்தைப் பார்த்தாலே வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்று விளங்கும். திறந்துதான் இருக்கிறது, ஆனால் ஒருக்களித்து.

செம்மலை_மகள்

நான் கப்பலைப் பற்றி ஒண்டும் தெரியாதவள். ஆனால் பாலியாறு ஐயா எழுதினதை வாசிக்க எங்கட அப்பாவின்ர கரைவலை ஞாபகம் வந்தது.

அப்பா சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர். முதல் எல்லாம் ஊர் ஆக்கள்தான் வலை இழுத்தவை. வைகாசியில வற்றாப்பளைப் பொங்கல் வந்தால் ஊரே கோயிலில நிக்கும். அந்த நேரம் கடலில மீன் கூட்டம் தெரிஞ்சாலும் கம்பா (வலைக் கயிறு) இழுக்க ஆள் இராது. செத்த வீடு, கலியாணம், பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு ஒவ்வொரு நாளும் ரெண்டு பேர் குறைவினம். ஒரு வருசம் அப்பா வெளியூரில இருந்து பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து வாடியில (கடற்கரைக் கொட்டிலில) இருத்தினார். கூலி ஊராக்களுக்குக் குடுத்ததை விடக் குறைவெண்டு சொல்ல ஏலாது, சாப்பாடும் சேர்த்தால் கூடத்தான். ஆனால் முற்பணம் வாங்கினவை அவை. வாடியை விட்டுப் போக இடமில்லை, பஸ்ஸுக்குக் காசில்லை. விடியப்புறம் மூண்டு மணிக்குத் தட்டினாலும் எழும்புவினம்.

அதில ஒருத்தருக்கு ஊரில தாய் செத்துப்போச்சு. அப்பா உடனே விடேல்லை, சீசன் முடியட்டும் எண்டு சொன்னவர். நான் அப்ப எட்டாம் வகுப்பு. அந்த மனுசன் வாடிக்குப் பின்னால தாழையடியில இருந்து அழுததை நான் கண்டனான். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் வெளி ஆளை அவர் விரும்பினது, அந்த ஆள் சட்டெண்டு எழும்பிப் போக மாட்டான் எண்டதாலதான். கப்பல் கொம்பனியும் அதைத்தான் விரும்புது எண்டு நினைக்கிறன். உள்ளூர் ஆளுக்கு வீடு கிட்ட, சங்கம் கிட்ட, கோடு கச்சேரி கிட்ட. தூரத்து ஆளுக்கு ஒண்டும் கிட்ட இல்லை.

நாயாற்றுக்கரை

தங்கச்சி, உங்கட பதிவை அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினன். கனநேரம் பேசாமல் இருந்தா.

மூண்டாம்_எஞ்சினியர் தம்பி, கடெற் எண்டால் என்ன செய்யவேணும்? எங்கட பெடியன் பதினெட்டு அடிப் பைபர் படகில எத்தினை வருசம் ஓடினவன். அது கணக்கில வருமோ?

மூண்டாம்_எஞ்சினியர் (புதுக்குடியிருப்பு)

வராது அண்ணை. சொல்ல எனக்கும் மனவருத்தமாத்தான் இருக்கு. எங்கட அப்பாவும் மீன்பிடிதான். அலையைப் பாத்துக் காத்துத் திரும்பப்போகுது எண்டு சொல்லுற பெடியனுக்கு, வணிகக் கப்பலில ஒரு நாள் கடல் சேவைகூட இல்லை எண்டுதான் பதிவினம். எஸ்டிசிடபிள்யூ எண்டு மாலுமிகளின்ர பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் 1978இல வந்த சர்வதேச உடன்படிக்கை, 2010இல மணிலாவில பெரிசாத் திருத்தினவை, அதில சொன்ன மாதிரிக் கப்பலில எடுத்த சேவைதான் சேவை.

மேல்தள அதிகாரியா வாறதெண்டால் அங்கீகரிச்ச பயிற்சித் திட்டத்தோட சேர்த்துக் குறைஞ்சது 12 மாசம் கடல் சேவை வேணும், பயிற்சிப் பதிவேடு ஒவ்வொரு பக்கமாக் கப்பலில கையெழுத்து வாங்கி நிரப்பவேணும். திட்டம் இல்லாமல் எண்டால் 36 மாசம். படிக்கிறது கஷ்டமில்லை. அந்த 12 மாசத்துக்கு உன்னை ஏத்துற கப்பல் வேணும். அதுதான் இடுக்கு. வகுப்பை முடிச்சுப்போட்டு, சான்றிதழை உறையில போட்டு வைச்சுக்கொண்டு, கப்பல் இல்லாமல் ரெண்டு மூண்டு வருசமாக் கொழும்பில அறை எடுத்து இருக்கிற பெடியளை எனக்குத் தெரியும். அவையில கெட்டிக்காரர் நிறையப் பேர். காசு கட்டமுதல் அவை ஒரு கேள்வி கேக்கேல்லை: எந்தக் கொம்பனி, எந்தக் கப்பல், எழுத்தில எங்க?

அதால நான் சொல்லுறது இதுதான். வகுப்பைத் தேடிப் போகாதையுங்கோ, கடெற் இடத்தைத் தேடுங்கோ. சில பெரிய மேலாண்மைக் கொம்பனிகள் தாங்களே பரீட்சை வைச்சு, நேர்முகம் வைச்சுக் கடெற் எடுக்கினம். தெரிவானால்தான் வகுப்பு. அப்பிடிப் படிச்சவனுக்கு எப்பிடியும் கப்பல் கிடைக்கும், ஏனெண்டால் அவனில கொம்பனி செலவழிச்சிட்டுது.

முத்தையன்கட்டு_அக்கா

பெரிய விபரம் எழுத எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதுறன்.

என்ர மனுசன் ஒரு சின்ன எண்ணெய்க் கப்பலில போசனா (மேல்தள மாலுமிகளுக்குத் தலைவரா) ஏறினவர். கொழும்பில ஒரு ஏஜென்டுக்கு ஆறு லட்சம் குடுத்தது. மூண்டு மாசம் சம்பளம் வந்தது. நாலாம் மாசம் பிந்துது எண்டினம். அஞ்சாம் மாசம் முதலாளி போன் எடுக்கிறேல்லை. கப்பல் வளைகுடாவில ஒரு துறைமுகத்துக்கு வெளியால நங்கூரத்தில. டீசல் குறைஞ்சு, பகலில ஜெனரேற்றரை நிப்பாட்டி இரவில மட்டும் போட்டவை. ஏசியில வடியிற தண்ணியை வாளியில பிடிச்சுத்தான் உடம்பு கழுவினவர். வாட்ஸப்பில வீடியோ எடுக்கேக்கை முகத்தைக் காட்டாமல் கடலையே காட்டுவார். நான் முகத்தைக் காட்டுங்கோ எண்டு கேக்கக் கேக்கக் கடலைத்தான் காட்டினார். பிறகுதான் தெரியும், கன்னம் ஒட்டிப்போச்சு எண்டு.

ஒன்பதாம் மாசம் திரும்பி வந்தவர். ஏஜென்டின்ர நம்பர் வேலை செய்யேல்லை. இப்ப இரணைமடுக் கீழ் வயலில வேலை. கப்பலைப் பற்றிக் கதைக்கமாட்டார். நாயாற்றுக்கரை அண்ணை, உங்கட அக்காவைத் தாலிக்கொடியில கை வைக்க விடாதையுங்கோ.

பாலியாறு (விடத்தல்தீவு)

தங்கச்சி, இதை நீங்கள் எழுதியது எத்தனையோ வீடுகளுக்கு உதவும். உங்கள் கணவருக்கு நடந்ததற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது: மாலுமியைக் கைவிடுதல். இரண்டு மாதச் சம்பளம் கொடுக்காவிட்டாலே, ஊருக்கு அனுப்பும் செலவைக் கொடுக்காவிட்டாலே, அது கைவிட்டதாகக் கணக்கு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் எழுதப்பட்டது, 2013 ஓகஸ்ட் 20இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதை 2017 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. அதே மாதத்திலிருந்து ஒவ்வொரு கப்பலும் இதற்கென்று ஒரு காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்ற திருத்தமும் வந்தது. அந்தப் பத்திரத்தைக் கப்பலில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டியிருக்க வேண்டும். நான்கு மாதச் சம்பளம் வரை, சாப்பாடு, தண்ணீர், ஊருக்குத் திரும்பும் செலவு எல்லாம் அதற்குள் அடங்கும். கப்பலுக்குள் கால் வைத்தவுடன் அந்தத் தாளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். காப்புறுதிக்காரரின் பெயரும் தொடர்பும் அதில் இருக்கும்.

அதே உடன்படிக்கையில் இன்னொரு வரி உண்டு. வேலை எடுத்துத் தந்ததற்காக மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது. கடவுச்சீட்டு, சிடிசி என்ற மாலுமிப் பதிவுப் புத்தகம், சட்டப்படியான மருத்துவச் சான்றிதழ், இவ்வளவுக்கும்தான் அவன் செலவழிக்கலாம். விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. பயிற்சி நிலையம் பாடநெறிக்குக் கட்டணம் வாங்குவது வேறு கதை. ஆனால் "ஏற்பாட்டுக்கு" என்று ஒரு தொகை கேட்டால் அது ஆள் சேர்க்கும் கட்டணம். முல்லைத்தீவுக்கு வந்து கூட்டம் வைத்தவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கொழும்பில் இருக்கும் வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கனகராயன்குளத்தான்

அக்காவின்ர கதையை வாசிச்சுப்போட்டு எனக்கு இரவு நித்திரை இல்லை.

நான் கேக்கிறது வேற. எங்களைச் சுத்திக் கடல். வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவின்ர குளோஸ்ரருக்குப் போய்ச் சேர்ந்தது, அதில போனது வல்வைக் கடலோடிகள். அந்தச் சனம் ஏன் இண்டைக்கு மற்ற நாட்டுக் கப்பலின்ர வாசலில நிக்கவேணும்? எங்கட நாட்டுக் கப்பலில எங்கட ஆக்கள் எண்டு சட்டம் போட்டால் என்ன?

பாலியாறு (விடத்தல்தீவு)

தம்பி, சட்டம் போடக் கப்பல் வேண்டுமே. இலங்கைக் கப்பற் கூட்டுத்தாபனத்துக்கு 2016இல் வந்தவை சிலோன் பிரீஸ், சிலோன் பிரின்சஸ் என்ற இரண்டு பாரக் கப்பல்கள். ஒரு கப்பலில் இருபது சொச்சம் பேர். அதில் கடெற் இடம் விரல் விட்டு எண்ணலாம். நாடு முழுவதும் அதற்கு விண்ணப்பிக்கிறது.

பணக்கார நாடுகளே சொந்த ஆள் என்ற பிடியைத் தளர்த்தித்தான் கப்பலைத் தக்கவைத்தன. நோர்வே 1987இல் தனியாக ஒரு சர்வதேசப் பதிவேடு திறந்து, வெளிநாட்டு மாலுமிகளை அவரவர் நாட்டுச் சம்பள ஒப்பந்தப்படி ஏற்றலாம் என்றது. அடுத்த வருடம் டென்மார்க்கும் செய்தது. ஜப்பானில் 1985க்குப் பின் யென்னின் மதிப்பு ஏறியபோது ஜப்பானிய மாலுமியின் சம்பளம் தாங்க முடியாமல் கொம்பனிகள் மணிலாவுக்குப் போயின. இன்று ஜப்பானியக் கொம்பனிகளின் கப்பல்களில் பெரும்பான்மை பிலிப்பீன்ஸ்காரர்தான்.

எனக்குப் பிடித்த வழி பிரிட்டனுடையது. 2000ஆம் ஆண்டு தொன்னேஜ் வரி, அதாவது இலாபத்துக்கு அல்லாமல் கப்பலின் அளவுக்கு வரி, என்று ஒரு சலுகை கொடுத்தார்கள். அதை வாங்கும் கொம்பனி ஒவ்வொரு 15 அதிகாரி இடத்துக்கும் வருடம் ஒரு பயிலுநரை எடுத்தே ஆக வேண்டும். கட்டாயம் வேலைக்கு எடு என்றல்ல, கட்டாயம் பழக்கு என்று. கொழும்புத் துறைமுகத்தில் சலுகை வாங்கும் கொம்பனிகளிடம் எங்கள் அரசும் கடெற் இடம் கேட்டிருக்கலாம். வருடத்துக்குப் பத்து இடம் கிடைத்தாலும் பத்து வருடத்தில் நூறு அதிகாரிகள். அவர்கள் தங்களுக்குக் கீழ் எங்கள் பையன்களைக் கேட்டு எடுப்பார்கள். பிலிப்பீன்ஸ் அப்படித்தான் வளர்ந்தது. ஒரு சீஃப் எஞ்சினியர் தன் ஊரிலிருந்து இருபது பேரை இழுத்தவர் என்று அங்கே சாதாரணமாகச் சொல்வார்கள்.

பொக்கணையான்

நான் இந்த இழையை ஆரம்பத்தில இருந்து வாசிக்கிறன். ஒரு விசயம் ஒருத்தரும் எழுதேல்லை, மெடிக்கல்.

2009இல எனக்கு ஒன்பது வயசு. இடது தொடையில ரெண்டு செல் துண்டு இப்பவும் கிடக்கு. அதைச் சொன்னால் விடமாட்டினம் எண்டு பயந்து பயந்து போனன். டொக்டர் எக்ஸ்ரேயைப் பாத்தார், குந்தி எழும்பச் சொன்னார், ஏணியில ஏறி இறங்கச் சொன்னார், உது பிரச்சினை இல்லைத் தம்பி எண்டிட்டார். எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. பிறகு ஒரு புத்தகத்தை விரிச்சார். ஒவ்வொரு பக்கத்திலயும் நிறநிறமாப் பொட்டுகள், அதுக்குள்ள இலக்கம் இருக்காம், வாசி எண்டார். முதல் பக்கம் 12. அடுத்த பக்கத்தில எனக்குப் பொட்டு மட்டும்தான் தெரிஞ்சுது. அடுத்ததிலயும் பொட்டுத்தான். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது எண்டு அண்டைக்குத்தான் எனக்கே தெரியும். இருபத்திநாலு வயசு. இரவில எதிரில வாற கப்பலின்ர இடப்பக்கச் சிவப்பு விளக்கையும் வலப்பக்கப் பச்சை விளக்கையும் பிரிச்சுப் பாக்க ஏலாதவனை மேல்தளத்துக்கு எடுக்கமாட்டினம். பயிற்சிக் காசு முழுக்கக் கட்டி முடிச்ச பிறகுதான் என்னை மெடிக்கலுக்கு அனுப்பினவை. காசு திரும்பி வரேல்லை.

அண்ணை, உங்கட மருமகனுக்கு முதல் அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கோ. மற்றதெல்லாம் பிறகு.

நாயாற்றுக்கரை

பத்து நாளாப் பதில் எழுதேல்லை, குறை நினைக்காதையுங்கோ. நடந்ததைச் சொல்லுறன்.

பொக்கணைத் தம்பி சொன்னபடி முதல் வேலையா மாஞ்சோலை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணைப் பாத்தம். பெடியன் எல்லா இலக்கமும் வாசிச்சிட்டான். தம்பி, உங்களை நினைச்சுக்கொண்டுதான் வெளியில வந்தம்.

பிறகு கூட்டம் வைச்சவருக்கு நானே போன் எடுத்தன். எந்தக் கொம்பனியின்ர கப்பல், வேலை ஒப்பந்தத்தின்ர மாதிரி ஒண்டு காட்ட ஏலுமோ எண்டு கேட்டன். அதெல்லாம் பயிற்சி முடியத்தான் எண்டார். உரிம இலக்கம் கேட்டன். இவ்வளவு கேள்வி கேக்கிற குடும்பத்துக்குச் செய்ய ஏலாது, வரிசையில வேற பெடியள் நிக்கினம் எண்டு வைச்சிட்டார். அந்த வரிசையில நிக்கிற பெடியள் ஆர் எண்டு தேடிப் பாத்தன். எங்கட பக்கத்தில மட்டும் நாலு பேர், ரெண்டு பேர் பாதிக் காசு கட்டியாச்சு. அவையின்ர வீடுகளுக்குப் போய் இந்த இழையைக் காட்டினனான். ஒரு வீட்டில கேட்டவை. மற்ற வீட்டில என்னில கோவிச்சுக்கொண்டினம், பொறாமையில வந்து குழப்பிறன் எண்டு. நான் திரும்பவும் போவன்.

பெடியன் ரெண்டு கொம்பனிக்குக் கடெற் விண்ணப்பம் போட்டவன். ஒண்டு பதில் எழுதியிருக்கு. வாற மாசம் கொழும்பில எழுத்துப் பரீட்சை, கணிதம், பௌதீகம், ஆங்கிலம். அதுக்குப் பிறகு நேர்முகம். ஒரு சதமும் கேக்கேல்லை. ஆங்கிலம்தான் அவனுக்குப் பயம். எழுதுவான், கதைக்க வாய் வராது. தம்பி, எஞ்சின் பக்கத்துக்கு என்ன கேப்பினம்?

மூண்டாம்_எஞ்சினியர் (புதுக்குடியிருப்பு)

அண்ணை, வாசிக்க எவ்வளவு சந்தோசம் எண்டு சொல்லத் தெரியேல்லை. நேர்முகத்தில ஆங்கிலத்தை இலக்கணத்துக்காகப் பாக்கிறேல்லை. "வால்வை மூடு" எண்டு போனில சொன்னால் விளங்குமோ, விளங்காட்டில் திருப்பிக் கேப்பானோ எண்டுதான் பாப்பினம். விளங்காமல் தலையாட்டுறவன்தான் அவைக்குப் பயம். என்னைத் தெரிவு செய்த கப்டன் நான் ரெண்டு தரம் திருப்பிக் கேட்டதை நல்ல புள்ளியா எழுதினவர்.

எங்கட கப்பல் புதன்கிழமை வெளிக்கிட்டு வியாழன் இரவு வரைக்கும் கரையோட ஓடும், சிக்னல் இருக்கும். வியாழன் இரவு எட்டு மணிக்கு அவனை எனக்கு எடுக்கச் சொல்லுங்கோ. வெப்பமும் அமுக்கமும் வாற பாடங்களைப் பாத்துக்கொண்டு வரட்டும். உங்கட படகு எஞ்சினை எப்பிடிக் கழட்டிப் பூட்டுறது எண்டு ஆங்கிலத்தில எனக்குச் சொல்லிக் காட்டட்டும், அது அவனுக்குத் தெரிஞ்ச வேலை. ஆங்கிலத்திலதான் கதைப்பம், பிழை வந்தாலும் பரவாயில்லை. அக்காவையும் பக்கத்தில இருக்கச் சொல்லுங்கோ, கேக்க நினைக்கிறதை என்னட்டைக் கேக்கட்டும்.